நல்ல தண்ணி

பூனா
12.2.1984

அன்புள்ள ஆரோக்கியசெல்வி அக்காவுக்கு,

செல்வநாதன் எழுதுகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. முதல் கடிதத்துக்குப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். நான் சுகம். சாப்பாடு மெஸ்ஸில். வேலைக்குத் தவறாமல் போகிறேன்.

யாகப்பன் அண்ணன் லேத் பட்டறையை மூடிவிட்டு சவூதியில் தம்மாமுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம், இவரை நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது என் வேலை ஒன்றுதான். அதிலிருந்து சொல்கிறேன்.

விசைப்படகில் புரொப்பல்லர் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் வளையத்தை, அந்தப் புஷ்ஷை, அண்ணன் வெண்கலத்தில் கடைந்து கொடுக்கிறார். அரசலாறு முகத்துவாரத்து மணல் அதை இரண்டே மாதத்தில் தின்றுவிடுகிறது. படகுக்காரர்கள் நாகப்பட்டினத்துக்குப் போய்விடுகிறார்கள். இதுதானே சிக்கல். எங்கள் லேபில் ரெசின் என்னும் பிசினோடு கரித்தூள் கலந்து புஷ் வார்க்கிறோம். கரிக்கு வழுக்கும் குணம் உண்டு. எண்ணெய் வேண்டாம், கடல் தண்ணீரே போதும்.

ஆனால் கரித்தூளை அப்படியே கலந்தால் ரெசின் அதைப் பிடிக்காது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் முதலில் நன்றாகத் தேய்த்து, நவச்சாரம் போட்டுத்தானே ஈயத்தை ஓட்டுவார். அதுபோல் கரியின் மேல்தோலை முதலில் தயார் செய்ய வேண்டும். நைட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து, அதில் தூளைப் போட்டு, கைபொறுக்காத சூட்டில் நாலு மணி நேரம் வைக்க வேண்டும். அப்போது கரிக்குக் கை முளைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெசின் பிடித்துக்கொள்வது அந்தக் கைகளைத்தான்.

கழுவுவதுதான் முக்கியம். நல்ல தண்ணியில் கழுவவும். தூள் அடியில் தங்கியதும் மேலே நிற்பதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றவும். லிட்மஸ் சீட்டு அனுப்பியிருக்கிறேன். நீலச் சீட்டு சிவக்காமல் நிற்கும் வரை விடக்கூடாது. பத்துப் பன்னிரண்டு தண்ணீர் ஆகும். பிறகு வாணலியில் உலர்த்தி உடனே டின்னில் அடைத்துவிடவும். தயாரான கரி கடற்காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும்.

ஐந்து கிலோ தூளும் ரெசினும் பார்சலில் வருகின்றன. கலக்கும் அளவு உள்ளே இருக்கிறது.

இப்படிக்கு,
செல்வநாதன்

*

காரைக்கால்மேடு
26.2.84

தம்பிக்கு அக்கா எழுதுறது. மாதா புண்ணியத்துல நாங்க சௌக்கியம். எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்குங்க.

பார்சல் வந்துச்சு. பிரிச்சதும் வீடெல்லாம் கரி. இவங்க பார்த்துட்டு, "என்னாடி, உன் தங்கச்சி புருஷன் அடுப்புக்கரியை தபால்ல அனுப்பிருக்காரு, இங்க கிடைக்காதா"ன்னு கேட்டாங்க. "நீங்க தம்மாமுக்கு மணல் அள்ளப் போறீங்களே, அது இங்க கிடைக்காதா"ன்னேன்.

ஆசிட்டுக்கு நகைக்கடைத் தெருவுக்குப் போனேன். தெட்சிணாமூர்த்தி பத்தர் ஏற இறங்கப் பார்த்துட்டு, "குடும்பத்துல எதாவது சண்டையா தங்கச்சி"ன்னு கேக்குறாரு. கரி கழுவணும்னு சொன்னேன். கரியைக் கழுவினா வெளுக்குமான்னு கடையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். வாங்கிட்டு வந்துட்டேன்.

நூகு பாய் தன் போட்ல போட்டுப் பாக்குறேன்னு சம்மதிச்சிட்டாரு. நின்னுச்சின்னா மத்த போட்காரங்களும் வருவாங்க, பட்டறை ஓடும், இவங்களும் இங்கயே இருப்பாங்க. அதனால செஞ்சே தீரணும்.

தங்கச்சி அமலோற்பவம் கல்லறைக்குக் கல் வைக்கணும். நவம்பர்ல அடக்கம் பண்ணதோட மண்ணாவே கிடக்கு. என்ன வாசகம் போடணும்னு போன கடுதாசியிலயே கேட்டேன். நீங்க ஒரு வார்த்தை எழுதினா செதுக்கச் சொல்லிடுவேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.

அக்கா ஆரோக்கியசெல்வி

*

பூனா
8.3.1984

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது. வீட்டுக்குள் செய்ய வேண்டாம். பழுப்புப் புகை வரும், காற்று போகும் பக்கமாக நிற்கக்கூடாது. கண்ணாடிப் பாத்திரம் இல்லாவிட்டால் பீங்கான் ஜாடியை மணல் சட்டியில் வைத்துச் சூடேற்றலாம். ரப்பர் கையுறை தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வார்க்கும்போது காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது, அச்சைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லவும்.

வேறு விசேஷம் இல்லை.

செல்வநாதன்

*

காரைக்கால்மேடு
28.3.84

தம்பிக்கு அன்பான விசாரிப்பு. இங்க எல்லாரும் நலம். வெயில் ஆரம்பிச்சிடுச்சு, அங்க எப்படின்னு எழுதுங்க.

புஷ் முடிஞ்சிடுச்சு. நீங்க எழுதின மாதிரியே எல்லாம் செஞ்சேன். பத்துப் பன்னிரண்டு தண்ணி ஆகும்னு பயமுறுத்திட்டீங்க. நாலாவது தண்ணியிலயே சீட்டு நீலமா நின்னுடுச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு. இவங்க லேத்துல வச்சுக் கடைஞ்சாங்க. முடிச்சிட்டு விரலால சுண்டிப் பார்த்து, "சத்தம் நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. உங்க அண்ணன் வாயில இவ்வளவு வர்றது பெரிசு.

நேத்து நூகு பாய் போட்ல மாட்டியாச்சு. ஆகஸ்டு பதினெட்டு பம்பாய்ல ஏறணும்னு ஏஜெண்டு எழுதியிருக்கான். எட்டாம் தேதிக்குள்ள பாஸ்போர்ட் அவன் கைக்குப் போகணுமாம். அதுக்குள்ள புஷ் பதில் சொல்லிடும்.

போன கடுதாசியில கேட்டதுக்கு நீங்க எழுதல. மறந்திருப்பீங்க.

அக்கா

*

பூனா
6.4.1984

அன்புள்ள அக்காவுக்கு,

புஷ் மாட்டிய செய்தி அறிந்தேன். சந்தோஷம். தண்டில் ஆட்டம் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லவும். இங்கேயும் வெயில்தான்.

செல்வநாதன்

*

காரைக்கால்மேடு
2.5.84

தம்பிக்கு,

நாங்க இருக்கோம். நீங்க சுகமா இருக்கணும்.

புஷ் போச்சு. முப்பது நாளுகூட நிக்கல. தண்டு கடகடன்னு ஆடுதுன்னு நூகு பாய் போட்டைத் திருப்பிக் கொண்டாந்துட்டாரு. கழட்டினா ஊறிப்போன ரொட்டி மாதிரி இருக்கு. விரலை விட்டா மை மாதிரி கரி ஒட்டுது. கரையில பத்துப் பேரு நிக்கிறாங்க. நூகு பாய் என் கையைப் பிடிக்காத குறையா, "தங்கச்சி, மீனுக்குக் கண் மை போடணும்னா சொல்லிருந்தா நான் கடையிலயே வாங்கிக் கொடுத்திருப்பேனே"ன்னு கேட்டாரு. அவரு கோவமா சொன்னாத் தாங்கியிருப்பேன். சிரிச்சிக்கிட்டே சொல்றாரு.

இவங்க வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்துத் துடைச்சு வெயில்ல வச்சாங்க. துபாய்க்குப் போனவங்க பெட்டி எப்படி இருக்கும்னு பக்கத்து வீட்டுல விசாரிக்கிறாங்க.

உடைஞ்ச துண்டை அனுப்பிருக்கேன். எங்க தப்புன்னு பார்த்து எழுதுங்க. கழுவின கரியில மூணு கிலோ மிச்சம் இருக்கு. நான் விடுறதா இல்ல.

ஆரோக்கியசெல்வி

*

பூனா
14.5.1984

அன்புள்ள அக்காவுக்கு,

துண்டு கிடைத்தது. உடைத்துப் பார்த்தேன். ரெசின் நன்றாக இறுகியிருக்கிறது. ஆனால் கரியை அது பிடிக்கவே இல்லை. கரி தனியாக உதிர்கிறது. தயார் செய்யாத கரிபோல் இருக்கிறது.

இதே தூளை இங்கே நான் தயார் செய்து வார்த்தேன். உப்புத் தண்ணீரில் போட்டு வைத்ததில் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே முறையில் தவறில்லை. நீங்கள் ஏதோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள். ஆசிட்டின் அளவு, சூடு, நேரம், கழுவியது, உலர்த்தியது, என்ன செய்தீர்களோ அப்படியே ஒன்று விடாமல் எழுதவும். செய்ய வேண்டியதை எழுத வேண்டாம். செய்ததை எழுதவும்.

செல்வநாதன்

*

காரைக்கால்மேடு
24.5.84

தம்பிக்கு,

சுகம் விசாரிச்சு நீங்களும் எழுதல, நானும் விட்டுடுறேன்.

ஏதோ விட்டிருக்கேன்னு எழுதிருக்கீங்க. நான் ஒண்ணையும் விடல. எழுதுறேன், படிங்க.

ஆசிட்டு பத்தர் தராசுலயே நிறுத்து வாங்கினேன். நாலு மணி நேரம்னு சொன்னீங்க, ரேடியோவுல டைம் பார்த்து வச்சேன். அஞ்சு நிமிசம் கூடவே ஆச்சு. புகை வந்தப்ப கிழக்க நின்னேன், காத்து மேக்க போச்சு. கழுவுறதுக்கு நல்ல தண்ணி வேணும்னீங்க. கொல்லைக் கேணி உப்பு. அதைத் தொடல. குடிக்கிற தண்ணி வர்ற தெருக்குழாய்ல விடியக்காலம் வரிசைல நின்னு பதினாறு குடம் சுமந்தேன். குழாயடியில ஒவ்வொருத்தியும், "ஏன் ஆரோக்கியம், கரி கழுவ நல்ல தண்ணி கேக்குதா, நாங்க பருப்பு வேக மாட்டேங்குதுன்னு தவிக்கிறோம்"னு ஏசினாளுங்க. சண்டை போட்டுத்தான் பிடிச்சேன். ஒரு குடம்கூட உப்புத் தண்ணி கலக்கல. மாதா மேல சத்தியம்.

வாணலியில போட்டு வறுத்து உலர்த்தினேன். கரியை டின்னுல கொட்டினப்புறம் வாணலி ஓரத்துல வெள்ளையா பொருக்கு கட்டியிருந்துச்சு, எங்க வெந்நி அண்டாவுல கட்டுற மாதிரியே. அதை மட்டும் சுரண்டி எறிஞ்சேன். அதுவும் தப்பா?

என் தங்கச்சி செத்ததுலேருந்து நீங்க எழுதுற கடுதாசியில கரி இருக்கு, ஆசிட்டு இருக்கு, மனுசங்க இல்ல. நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா நான் விட்டுட்டேன்னு சொல்லாதீங்க.

ஆரோக்கியசெல்வி

*

பூனா
2.6.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஒன்றையும் விடவில்லை. விட்டது நான்.

பருப்பு வேகாத தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள். வாணலியில் வெள்ளைப் பொருக்கு என்று எழுதியிருந்தீர்கள். அது சுண்ணாம்பு. குடிக்க நல்ல தண்ணீர்தான், உப்புக் கரிக்காது. ஆனால் அதில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. ஆசிட் கொடுத்த கைகளையெல்லாம் சுண்ணாம்பு வந்து பிடித்துக்கொண்டது. ரெசின் வந்தபோது பிடிக்க ஒரு கையும் மிச்சமில்லை. நாலாவது தண்ணீரிலேயே சீட்டு நீலமாக நின்றதும் அதனால்தான். சுண்ணாம்பு ஆசிட்டை முறித்துவிட்டது. அதை நீங்கள் மார்ச் மாதமே எழுதினீர்கள். நான் படித்தேன். படித்தும் பார்க்கவில்லை.

நல்ல தண்ணி என்றால் உங்கள் ஊரில் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் தஞ்சாவூரிலும் அதுதான். ஆனால் நான் எழுதியது அந்த நல்ல தண்ணி அல்ல.

இந்த லேபில் அமலா என்னோடு வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் காய்ச்சி வடித்த நீர் வைத்திருப்போம். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் கை கழுவுவார்கள், டம்ளர் அலசுவார்கள். இங்கிலீஷில் எழுதி ஒட்டினோம். மராத்தியில் எழுதினோம். யாரும் மதிக்கவில்லை. ஒருநாள் அமலா தமிழில் பெரிதாக ‘நல்ல தண்ணி’ என்று எழுதி ஒட்டினாள். படிக்கத் தெரியாததால் விஷம் என்று நினைத்துக்கொண்டு ஒருவரும் கிட்டே போகவில்லை. அவள் இரண்டு நாள் சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் நல்ல தண்ணி. வேறு எதையும் அந்தப் பெயரால் சொன்னதில்லை.

பிப்ரவரியில் அந்த வரியை எழுதும்போது நான் உங்களுக்கு எழுதவில்லை, அக்கா. அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் பதினாறு குடம் சுமந்தீர்கள்.

மிச்சமுள்ள கரி வீணாகவில்லை. லேசான ஆசிட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் சுண்ணாம்பு கழன்றுவிடும். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் மட்டும் கழுவவும். கார் பேட்டரி கடைகளில் கேனில் கிடைக்கும். சீட்டு சிவந்துகொண்டேதான் இருக்கும். பத்து, பன்னிரண்டு, பதினைந்து ஆனாலும் விட வேண்டாம். வார்த்ததில் ஒரு துண்டு எனக்கு அனுப்பவும்.

கல்லில் பெயரும் இரண்டு தேதிகளும் போதும். வாசகம் யோசித்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. இதை எழுத இவ்வளவு நாளாயிற்று.

உங்கள் தம்பி,
செல்வநாதன்

*

காரைக்கால்மேடு
27.7.84

என் தம்பிக்கு,

உங்க கடுதாசியை நாலு தடவை படிச்சேன். அப்புறம் இவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். குடுவை விசயம் வந்ததும் இவங்க சிரிச்சாங்க. சிரிச்சிட்டு எழுந்து பட்டறைக்குப் போயிட்டாங்க. ரொம்ப நேரம் லேத்து ஓடல. கல் வச்சாச்சு. பேரும் தேதியும்தான்.

சேக் அலாவுதீன் பேட்டரி கடையில இருந்த தண்ணியெல்லாம் நான்தான் வாங்கினேன். என்னா தங்கச்சி லாரி கம்பெனி வச்சிட்டீங்களான்னாரு. பதிமூணு தண்ணி ஆச்சு. பன்னிரண்டாவதுலயும் சீட்டு லேசா சிவந்துச்சு. பதிமூணுல நின்னுது. ஜூன் பதினாறு வார்த்தோம், இருபதாம் தேதி மாட்டினோம். நூகு பாய்கிட்ட நான் போய் நின்னதும், "இந்தத் தடவ மையா, சாந்துப் பொட்டா"ன்னாரு. ஆனா மாட்ட விட்டாரு. உங்களுக்குத் துண்டு அப்பவே அனுப்பினேன்.

இப்ப என்ன சங்கடம்னா, முப்பத்தேழு நாளாச்சு, தண்டுல ஆட்டம் இல்ல. உள்ள எப்படி இருக்குன்னு கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும். நூகு பாய் ஒத்துக்க மாட்டேங்குறாரு. "மீன் படுற நேரத்துல போட்டைக் கரையேத்தி வேடிக்கை பாக்கவா? ஆவணி பொறக்கட்டும்"னுட்டாரு. ஆவணி பொறக்குறது பதினேழாம் தேதி. பாஸ்போர்ட் எட்டாம் தேதி போகணும்.

நேத்து இவங்க கேட்டாங்க: "தம்பியை ஒரே வார்த்தை எழுதச் சொல்லு. நிக்குமா, நிக்காதா. அவரு நிக்கும்னா நான் இருக்கேன். தெரியலைன்னா கிளம்புறேன்." அப்படியே எழுதிட்டேன். நான் எதையும் கூட்டல, குறைக்கல.

அக்கா

*

பூனா
3.8.1984

அன்புள்ள அக்காவுக்கும் அண்ணனுக்கும்,

காலையில் தந்தி கொடுத்துவிட்டேன். தந்தியில் காரணம் எழுத முடியாது. அதனால் இது.

நீங்கள் அனுப்பிய துண்டை உப்புத் தண்ணீரில் முப்பத்தெட்டு நாள் வைத்தேன். நடுவில் ஒரு முழு நாள் கொதிக்கவும் வைத்தேன். எடை கூடவில்லை. உடைத்தபோது கரி உதிரவில்லை. கரியும் ரெசினும் சேர்ந்தே உடைந்தன. அப்படித்தான் உடைய வேண்டும்.

ஆனால் அரசலாற்று மணல் என் லேபில் இல்லை. மணல் என்ன செய்யும் என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. வழக்கமாக என்றால் தெரியாது என்றுதான் எழுதியிருப்பேன். இந்த எட்டு மாதமாக எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டாயா என்றால்கூட யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அண்ணன் கேட்டது ஒரு வார்த்தை. நிற்கும். பதிமூன்று தண்ணீர் கழுவிய கரி நிற்கும். போக வேண்டாம்.

நிற்காவிட்டால் அது என் தவறு. ஒரு மாதம் லீவு போட்டு வந்து நானே ஜாடி முன்னால் உட்காருவேன். நிற்கும் வரை திரும்ப மாட்டேன்.

உங்கள் தம்பி,
செல்வநாதன்

*

காரைக்கால்மேடு
22.8.84

என் தம்பிக்கு,

எல்லாரும் நல்லா இருக்கோம். எல்லாருன்னா, இவங்களும்தான். பாஸ்போர்ட் பீரோவுல இருக்கு. எட்டாம் தேதி தாண்டினதுலேருந்து இவங்களுக்குச் சோறு இறங்கல.

நேத்து போட்டைக் கரையேத்தினாங்க. காரைக்கால்மேட்டுல பாதி ஊரு நின்னுச்சு. இவங்களே உள்ள படுத்துக் கழட்டினாங்க. வெளியில எடுத்துத் துடைச்சு, தண்டை விட்டு ஆட்டிப் பார்த்தாங்க. அளவு கருவியை வச்சுப் பார்த்தாங்க. மறுபடியும் பார்த்தாங்க. "கால் நூலுகூடத் தேயல"ன்னாங்க. நூலுன்னா இவங்க பட்டறை கணக்குல அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. ரெண்டு மாசத்துல வெண்கலம் ஒரு நூலுக்கு மேல போயிடும்.

நூகு பாய் நம்பல. "மேல வழவழன்னு இருக்கும், உள்ள பஞ்சா இருக்கும். போன தடவயும் இப்படித்தான்"னாரு. கூட நின்னவங்களும் ஆமா ஆமான்னாங்க. இவங்களுக்கு எங்கேருந்துதான் கோவம் வந்துச்சோ. புஷ்ஷைக் கொண்டுபோய் வைஸ்ல கடிக்கவிட்டு, ரம்பத்தை எடுத்துக் குறுக்க அறுத்துட்டாங்க. நான் வேணாங்க வேணாங்கன்னு கத்துறேன், கேக்கல. ரெண்டு துண்டாக்கி நூகு பாய் கையில ஒண்ணைக் கொடுத்து, "பாருங்க, கரி ஒட்டுதா"ன்னாங்க.

நூகு பாய் கட்டை விரலால தேய்ச்சாரு. வெள்ளைச் சட்டையிலயே தேய்ச்சுப் பார்த்தாரு. ஒண்ணும் ஒட்டல. திடீர்னு எகிறினாரு: "ஏம்ப்பா யாகப்பா, நல்லா இருந்ததை அறுத்துப் போட்டுட்டியே, நாளைக்குக் கடலுக்கு நான் எதை மாட்டிட்டுப் போவேன்? வேடிக்கை காட்டுறதுக்கு என் புஷ்தானா கிடைச்சுது உனக்கு? போய் இன்னொண்ணு செய், வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்." அவரு திட்டத் திட்ட இவங்க தலையைக் குனிஞ்சிட்டு நிக்கிறாங்க. கிட்டப் போய்ப் பார்த்தா சிரிக்கிறாங்க.

காதர் பாட்சா போட்டுக்கும் ஒண்ணு கேட்டிருக்காங்க. கிளிஞ்சல்மேட்டுலேருந்து ஒருத்தர் வந்து அளவு கொடுத்துட்டுப் போனாரு. கரி காணாது தம்பி, இருபது கிலோவாவது வேணும்.

நீங்க போன கடுதாசியில எழுதினதை இவங்க கவனிச்சிட்டாங்க. "நிக்காவிட்டால் வருவேன்னு எழுதிருக்காரே, இப்ப நின்னுடுச்சே"ன்னு என்னைக் கேக்குறாங்க. உங்களையே கேக்கச் சொல்லிட்டேன்.

நின்னுடுச்சு தம்பி. அதுக்காக வராம இருந்துடாதீங்க.

அக்கா